ஒரு மாதத்தில் பத்துக் கிலோ உறுதி என்பவர்களிடம் பணம் கட்டுமுன்

களியக்காவிளையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் எல்லை தாண்டி, கேரளாவின் பாறசாலைப் பக்கத்து எடைக் குறைப்பு மையங்களுக்குப் போக எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அக்கா அப்படியொரு மையத்தில் 18,500 ரூபாய் கட்டினார். பணம் போனதைவிட, அவருடைய உடல்நிலை பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அங்கே பட்டினி போட்டார்களே, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதைச் சாப்பிடுகிறவருக்கு மாத்திரையின் அளவை மாற்றாமல், காலையிலும் இரவிலும் உணவுக்குப் பதிலாக மாவுக் கரைசலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது எந்த மருத்துவருக்கும் தெரியும். "மாத்திரையெல்லாம் பார்க்க வேண்டாம் சேச்சி, இது இயற்கை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், மீன் வாங்கிக்கொண்டிருந்தபோதே அக்காவுக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டிக் கண் இருண்டுவிட்டது. பக்கத்து மருந்துக் கடையில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 54. எழுபதுக்குக் கீழே போனாலே அபாயம். கடைக்காரர் உடனே சர்க்கரை கரைத்துக் கொடுத்ததால் மருத்துவமனையில் படுக்க வேண்டிய நிலை வரவில்லை.

எடை குறைந்ததாக அவர்கள் காட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் மாலையில், வயிறு நிறைந்திருந்த நேரத்தில், சேலையோடும் செருப்போடும் ஏற்றி நிறுத்தி எடை பார்த்தார்கள். அடுத்த முறை காலையில், வெறும் வயிற்றோடு, செருப்பைக் கழற்றச் சொல்லி. இந்த வேறுபாடே ஒன்றிரண்டு கிலோ வரும். போதாததற்கு "மூலிகைத் தேநீர்" என்று ஒரு பொட்டலம்; அதன் உறையில் சிறிய எழுத்தில் நிலாவரை என்று இருந்தது. நிலாவரை பேதி மருந்து. அது வெளியேற்றுவது நீரும் மலமுமே தவிரக் கொழுப்பு அல்ல. உணவைத் திடீரென்று குறைக்கும்போது உடலில் கிளைக்கோஜனாகச் சேமித்த சர்க்கரையும், அதோடு ஒட்டியிருக்கும் நீரும் முதலில் கரைவதால், எந்தப் பொடியும் இல்லாமலேயே முதல் வாரத்தில் முள் இறங்கத்தான் செய்யும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்றால் நாளொன்றுக்கு 2,500 கலோரிக்கு மேல், அதாவது பல பெண்கள் ஒரு நாள் முழுக்கச் செலவிடுவதைவிட அதிகம். இந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்தால் அந்த விளம்பரத் தட்டியை அவர்களே கழற்றிவிடுவார்கள்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. எடை கூடியவர்களின் பெயர் சிவப்பு மையில். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தியதை அக்கா சொல்லி வருந்தினார். உண்மையில் அங்கே முதல் நாளே பேசியிருக்க வேண்டியது இவற்றைத்தான்: வீட்டில் சமைப்பது யார், மரச்சீனிக் கிழங்கும் சம்பா அரிசிச் சோறும் ஒரே வேளையில் தட்டில் வருமா, தேங்காய் அரைத்த குழம்பை எத்தனை பேருக்காகக் குறைக்க முடியும், இரவு எத்தனை மணிக்குத் தூக்கம், விருந்து நாளில் என்ன செய்வது, எடை நின்றுபோகும் வாரத்தில் மனத்தை எப்படித் தேற்றிக்கொள்வது. இவற்றில் ஒன்றையும் கேட்காதவர்கள் விற்பது மாவு டப்பா மட்டுமே.

பிறகு பார்த்த மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். கிழங்கு இருக்கும் வேளையில் சோறு வேண்டாம் என்றும், மீனையும் பயறு துவரனையும் (தேங்காய் சேர்த்த பொரியல்) கூட்டச் சொல்லியும், வாரத்தில் 150 நிமிடம் நடக்கச் சொல்லியும் அனுப்பினார். உடல் எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலே சர்க்கரைக்கு நன்மை தெரியும் என்றார். 80 கிலோ இருக்கும் அக்காவுக்கு அது நான்கு கிலோ. அதற்கு ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லையாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றும், நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், வழக்கென்றால் கேரளாவில்தான் போட வேண்டும் என்றும் சொன்னார்கள். கேரளாவில்தான் என்பது பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். எங்களுக்கு அது நாகர்கோவில். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம். பில் தரவில்லை என்றாலும், ஒரு தனி ஆளின் கணக்குக்கு ஜிபேயில் அனுப்பிய பதிவும், வாட்ஸப்பில் "பத்துக் கிலோ உறுதி" என்று அவர்கள் அனுப்பிய செய்தியும் கையில் இருந்தன. டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்குத் தந்ததில் அந்த இடத்தில் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். புகாருக்குப் பின் 9,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதிக்காக நாகர்கோவிலில் மனு கொடுக்க இருக்கிறோம்.