பி.ஏ. வரலாறு: தமிழ் வழியா, ஆங்கில வழியா?

பிளஸ் டூ முடித்து வரலாறு எடுக்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். சென்னையில் அரசுக் கல்லூரிகள் சிலவற்றில் இரண்டு வழியும் இருப்பதால், விண்ணப்பத்தில் ஏதோ ஒன்றை டிக் செய்தாக வேண்டும். நான் பி.ஏ.வைத் தமிழிலும் எம்.ஏ.வை ஆங்கிலத்திலும் படித்தவன்.

முதலாண்டில் தமிழ்நாட்டு வரலாறு வரும்போது தமிழ் வழி மாணவர் கைதான் ஓங்கியிருக்கும். பலருக்கு அது தெரிவதே இல்லை. உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊரை 30 குடும்பாக, அதாவது வார்டு போன்ற பகுதிகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படி அமைந்த குழுக்களுக்கு ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பெயர். ஆங்கிலப் புத்தகத்தில் இது வெறும் 'கமிட்டி'. தமிழில் படிக்கும் பிள்ளைக்கோ வீட்டுக்கு மின்சாரமும் குடிநீரும் தரும் அமைப்புகளை இன்றும் வாரியம் என்றுதான் சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டுப் பழைய சொல் தெருக்குழாய் வரை வந்து நிற்கிறது என்று வகுப்பில் நான் உணர்ந்த அந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

தமிழில் படிப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. 'அந்தக் காலத்திலேயே ஜனநாயகம்' என்று ஒரே வரியில் கடந்துபோக முடியாது. ஓலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர், பிரம்மதேயம். அச்சிட்ட கல்வெட்டு வாசகத்தை மெதுவாகப் படித்தால் இவை எல்லாம் கண்ணில் படும்.

ஐரோப்பிய வரலாற்றுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ஃபியூடலிசத்துக்கு ஒரு புத்தகத்தில் 'நிலமானிய முறை', இன்னொன்றில் 'நிலப்பிரபுத்துவம்'. இரண்டும் வேறு வேறு என்று நினைத்து நான் தேர்வில் தனித்தனியாக விளக்கம் எழுதி வைத்தேன். 'மறுமலர்ச்சி' என்றாலும் இத்தாலியா, தமிழகமா என்று இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில வழிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. படிப்பதற்குக் கிடைக்கும் நூல்களும் பல மடங்கு அதிகம். சோழர்களைப் பற்றியே வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி எழுதியது ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் அது நமக்கு மொழிபெயர்ப்பாகத்தான் வந்து சேர்கிறது.

சென்னையின் சொந்தக் கதைக்கு ஒரு மொழி போதாது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து இந்த ஊரைப் பிடித்தார்கள். 1749-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதே காலத்தைப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் பக்கத்திலிருந்து பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். ஒன்றை மட்டும் படித்தவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

வேலைக் கணக்கும் பார்க்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு ஒதுக்கீடு 2010-ல் சட்டமானது. பட்டம் கேட்கும் பணிக்குப் பட்டத்தை மட்டும் தமிழில் முடித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழில் இருக்க வேண்டும். அதனால் பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் 'கெத்துக்காக' ஆங்கிலத்துக்கு மாறும் பிள்ளை ஒரு கதவைத் தானே சாத்திக்கொள்கிறது. பள்ளியே ஆங்கிலத்தில் படித்தவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் ஆங்கிலத்திலேயே தொடரட்டும்.

தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு என் பதில் தமிழ் வழிதான். முதலாண்டில் கற்க வேண்டியது ஏன், எப்படி என்று கேட்பது. அந்தக் கேள்வி தனக்குப் பழகிய மொழியில்தான் சட்டென்று வரும். ஆனால் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்ஸையும் கைடையும் மட்டும் நம்பி மூன்று வருடத்தை ஓட்டினால், எம்.ஏ. முதல் வாரத்திலேயே மூச்சு முட்டும். எனக்கு முட்டியது. சனிக்கிழமை கன்னிமாரா நூலகத்துக்குப் போய், அந்த வாரம் தமிழில் நடந்த பாடத்தையே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் படியுங்கள். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி மிரட்டாது. ஆங்கில வழியில் சேர்ந்தவர்கள் அதே வளாகத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் போய்க் கல்வெட்டுகளின் முன்னால் நில்லுங்கள். அப்புறம் ஒரு நாள் உத்திரமேரூருக்கு பஸ் ஏறுங்கள். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.