மூன்று வருஷ டான்ஸ் கிளாஸ்: எல்லாம் சரி, அந்த டைல்ஸ்தான்

போன வாரம் அண்ணி போன் பண்ணினாங்க. "உன் பொண்ணு போற இடத்துலயே எங்க குட்டியையும் விஜயதசமிக்குச் சேர்த்துடலாமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. செவ்வாய், வியாழன் பரதம், வெள்ளிக்கிழமை யோகா, மாலை 5 முதல் 6 வரை. இரண்டுக்கும் சேர்த்து மாசம் 2,000 ரூபாய். இரண்டாம் வகுப்பில் சேர்த்தேன், இப்போது ஐந்தாவது படிக்கிறாள்.

மிஸ்ஸைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் வருஷம் முழுக்க அடவு, அதாவது அடிப்படை அசைவுகள் மட்டும்தான். தட்டடவு, நாட்டடவு, மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும். "எப்போ மிஸ் அலாரிப்பு?" என்று மேடையில் முதலில் ஆடும் அந்த உருப்படியைக் கேட்டுப் பெற்றோர் நச்சரித்தும் அசையவில்லை. ஆறே மாசத்தில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் கட்டி மேடை ஏற்றிவிடும் கிளாஸ்களை இதே ஏரியாவில் பார்த்திருக்கிறேன். காலை மடக்கிப் பக்கவாட்டில் விரித்து அரைமண்டி உட்காரும்போது முட்டியைப் பிடித்து யாரையும் வெளியே தள்ளமாட்டார். இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், எவ்வளவு வருகிறதோ அவ்வளவு போதும் என்பார்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு. எங்கள் வாஷிங் மெஷினில் துணி ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டால் தடதடவென்று ஆடும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டில் தாளம் போட்டபடி, "அம்மா, கண்ட நடைல ஓடுது. தகதகிட தகதகிட, அஞ்சு" என்றாள். கண்ட நடை என்றால் ஐந்து ஐந்தாக எண்ணும் தாளம். அன்றிலிருந்து வீட்டில் எதுவும் வெறும் சத்தம் இல்லை. மாமியார் தேங்காய் துருவுவது திஸ்ரமாம், மூன்று மூன்றாக, தகிட தகிட. மிஸ்ரத்துக்கு ஏழு எண்ண வேண்டும், அது மட்டும் இன்னும் எதிலும் அகப்படவில்லையாம். தேடிக்கொண்டிருக்கிறாள்.

இனி தரை விஷயம்.

கான்கிரீட்டின் மேல் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். பரதத்தில் காலைத் தூக்கி முழுப் பாதமும் படத் தட்ட வேண்டும். மரத்தளமாக இருந்தால் அந்த அடியைத் தளம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். டைல்ஸ் துளிகூட வாங்காது, அப்படியே காலுக்குத் திருப்பிக் கொடுக்கும். போதாததற்கு மிஸ்ஸின் தட்டுக்கழி பலகையில் விழ விழ, "சத்தம் வரலையே! நல்லாத் தட்டு!"

இந்த ஜூன் மாசம் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். எலும்பு டாக்டர் குதிகாலை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார், துள்ளிவிட்டாள். குதிகால் எலும்பின் வளரும் பகுதி இன்னும் ஒட்டிக்கொள்ளாத வயசு, குதிக்கிற ஓடுகிற பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்து 14 வரை இது வருவது சகஜம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார். நான்கு வாரம் தட்டக் கூடாது, செருப்பில் மெத்தை வைக்கணும், கெண்டைக்காலை இழுத்து நீட்டணும். பயப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் பத்து வயசுப் பிள்ளை காலையில் பாட்டி மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு அந்த டைல்ஸில் போய் நின்றால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

மிஸ்ஸிடம் பேசினேன். "கோயில்ல கருங்கல்லுலதானேம்மா ஆடினாங்க?" என்றார். ஆடினார்கள். அவர்கள் குதிகாலை யார் விசாரித்து எழுதி வைத்தார்கள்? நடத்துபவரிடம் போனேன். கார்ப்பெட் விரித்தார். அதில் பாதம் திரும்பவில்லை, விரல் மாட்டியது, சத்தமும் வரவில்லை. இரண்டாவது வாரம் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார்கள், இன்னும் அங்கேயே இருக்கிறது. மரத்தளம் போட வீட்டுக்காரர் சம்மதிக்கணுமாம்.

வேடிக்கை என்னவென்றால், நான் இலவச இணைப்பு மாதிரி நினைத்த யோகாதான் கை கொடுத்தது. அதுவரை அதன் மேல் எனக்குக் கடுப்புதான். வெறும் வயிற்றோடு வரணும் என்பார்கள், நாலேகாலுக்குப் பசியோடு ஸ்கூலிலிருந்து வரும் பிள்ளையை எப்படிப் பட்டினி போடுவது? ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பிவிடுவேன், சாரும் கண்டுகொள்ளமாட்டார். டாக்டர் சொன்னதைக் காட்டியதும் சார் அதோமுக ஸ்வானாசனத்தில் இவளை மட்டும் கூடுதல் நேரம் நிறுத்தினார். கையும் காலும் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, ஒரு குதிகாலைத் தரைக்கு அழுத்தி, அடுத்ததை அழுத்தி. முதல் வாரம் குதிகால் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் நின்றது. இப்போது தொடுகிறது. கடைசியில் சவாசனத்தில் நிஜமாகவே தூங்கிவிடுகிறாள், எழுப்பித்தான் கூட்டிவர வேண்டும்.

வலி போய்விட்டது. மறுபடி தட்டுகிறாள், பாதி வேகத்தில். மிஸ்ஸும் இவளிடம் சத்தம் கேட்பதில்லை.

அண்ணியிடம் "வேண்டாம், தரை நல்லா இருக்கிற இடமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். "அப்போ நீ மாத்தலையா?" என்றார்கள். நேற்றுத்தான் அடுத்த மூன்று மாசத்துக்கு ஃபீஸ் கட்டிவிட்டு வந்திருந்தேன். இந்த மிஸ் வேறு எங்கே கிடைப்பார்? ரசீது எழுதும்வரை ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இந்த வருஷம் புதுசாக மரத்தரை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள்.