மட்டக்களப்பில் கொம்பியூட்டர் திருத்தக் கொடுத்த அனுபவம்

இந்த முறை ஊரில் வங்கி வேலை, அம்மாவின் கண் கிளினிக் எல்லாம் நினைத்ததைவிடச் சுகமாக முடிந்தது. இழுபட்டது கொம்பியூட்டர் திருத்துகிற வேலைதான். அதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் மாரி காலத்தில் ஊருக்குப் போகிற யார் வீட்டிலும் இதே பழுது வரலாம், தெரியாத இடத்தில் கொடுத்தால் உள்ளே இருக்கிறதெல்லாம் போய்விடும்.

கல்லடியில் அம்மா வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டொப். அப்பா இருந்த காலத்துப் போட்டோக்கள், அம்மாவின் பென்சன் கடிதங்கள், தங்கச்சி மகளின் ஏ.எல். நோட்ஸ் எல்லாம் அதற்குள்தான். சுவிட்சைப் போட்டால் விண்டோஸ் சின்னம் வரும், கீழே புள்ளிகள் சுற்றும், நீலமாக ஏதோ ஒன்று வந்து வாசிக்க முன்னமே மறையும், திரை கறுத்து மறுபடி முதலிலிருந்து. விட்டால் நாள் முழுக்க இப்படியே ஓடும். "இடி முழங்குதெண்டு பிளக்கக் கழட்டி வைச்சன் மகள், அடுத்த நாள்ல இருந்துதான் இப்பிடி" என்றார் அம்மா. எங்கள் பக்கம் இடி முழங்கினால் எல்லா வீட்டிலும் செய்வதுதானே.

முதலில் டவுனில் ஒரு பெரிய கடைக்கு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மேசையில் வைத்து ஒருதரம் போட்டுப் பார்த்தார்கள், மூடியைக்கூடக் கழற்றவில்லை. இடியில் போர்ட் அடிபட்டிருக்கும், ஹாட் டிஸ்க்கும் சந்தேகம், ஃபோர்மட் அடித்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் புதிது எடுங்கள் என்றார்கள். போட்டோக்கள் என்னாகும் என்று கேட்டதற்கு, அதற்குப் பொறுப்பில்லை என்று பதில். எனக்குச் சரியான கோபம். ஹாட் டிஸ்க் பழுதென்று சந்தேகம் வந்தால் முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்றத்தானே பார்க்க வேண்டும்? பெட்டியைத் திரும்ப ஓட்டோவில் ஏற்றினேன்.

மச்சாள்தான் காத்தான்குடியில் ஒரு சின்னக் கடையைச் சொன்னாள். அங்கே இருந்த தம்பி பெட்டியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். எப்போதிருந்து, பிளக் கழற்றி வைத்தீர்களா, அதற்கு முன் நேரம் திகதி சரியாகக் காட்டியதா. பிறகு பயோஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் ஓடுகிற, போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற இடம்) போய் அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார். ஏன் என்று கேட்டேன். பவர் சப்ளை பழுதென்றாலோ புரொசசர் சூடேறினாலோ விண்டோஸ் ஓடாத அந்த இடத்திலும் தானாக நின்றுபோகும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும், அங்கே அசையாமல் நின்றால் பழுதைப் பெரும்பாலும் வேறு பக்கம் தேடலாம் என்றார். அரை மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் நின்றது. திரையில் திகதி மட்டும் பல வருடம் பின்னால் கிடந்தது. அதைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்ததாக விண்டோஸ் ஏறும்போதே சிலதரம் இடையில் நிற்பாட்டினார். அப்படிச் செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 9ஐ அமத்தினால், பிழை வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது நிற்கும். இப்போது நீலத்திரை அப்படியே நின்றது, வாசிக்கவும் முடிந்தது: இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்.

"அக்கா, டிஸ்க் நல்லாத்தான் இரிக்கு. விண்டோஸுக்குத்தான் அதுக்குள்ள போகத் தெரியாம நிக்கிது" என்றார். காரணம் போர்டில் இருக்கிற சில்லறைக்காசு அளவு பற்றரி, சிஆர் 2032, 3 வோல்ட். பிளக் சுவரில் செருகியிருந்து கரண்டும் இருக்கும் வரை பயோஸ் நினைவுக்கு அந்தப் பற்றரி தேவையே இல்லை, அதனால் அது செத்திருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா கழற்றிய அன்று பயோஸ் எல்லாவற்றையும் மறந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிட்டது. திகதி போனதோடு, ஏஎச்சிஐ என்று இருந்த சாட்டா முறையும், அதாவது போர்ட் டிஸ்க்கோடு பேசுகிற விதமும், மாறிவிட்டது. விண்டோஸ் போட்டது ஏஎச்சிஐ முறையில். அதனால் தன் டிஸ்க்கைக் காணாமல் விழுவதும் எழும்புவதுமாக இருந்திருக்கிறது.

மூடியைக் கழற்றினார். கடற்கரை வீடு, உப்புக் காற்று, பற்றரி இருந்த இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் 3 வோல்ட்டுக்குக் கிட்டவும் இல்லை. தூரிகையால் துடைத்துப் புதுப் பற்றரி போட்டு, திகதியையும் ஏஎச்சிஐயையும் திரும்ப வைத்துச் சேமித்தார். அடுத்த தரம் நேரே டெஸ்க்டொப் வந்தது, பின்னால் அப்பாவின் படம். ஃபோர்மட் அடித்திருந்தால் விண்டோஸ் ஏறியிருக்கும்தான், அதைக் காட்டித் திருத்தியாச்சு என்று காசும் வாங்கியிருப்பார்கள், போட்டோக்கள் போயிருக்கும், செத்த பற்றரி அப்படியே கிடந்திருக்கும்.

டெஸ்க்டொப் வந்ததும் முதல் வேலையாகப் போட்டோக்களை நான் கொண்டுபோயிருந்த வெளி டிஸ்க்கில் இறக்கித் தந்தார். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது, இந்தப் புரொசசருக்கு 11 சரிவராது, வங்கி அலுவல்களை இதில் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அடுத்த பெட்டியும் அவரிடம்தான். எடுத்தது பற்றரிக் காசும் சின்னக் கூலியும்தான், பில்லில் பற்றரி மாற்றிய திகதியும் எழுதித் தந்தார்.

கல்லடியிலிருந்து போகிறவர்களுக்குக் கல்முனைப் பக்கம் போகிற எந்த பஸ்ஸும் சரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குக் கடை பூட்டு, பின்னேரம் போங்கள்.