ஸ்பைனல் கார்ட் டூல்பாக்ஸ்: பெண்ட்ஸ் வந்தவர்களின் தண்டுவடப் படங்களுக்கு எப்படி?

மான்ட்ரியல் பாலிடெக்னிக்கில் ஜூலியன் கோஹன்-அடாட் குழு உருவாக்கிய இலவச மென்பொருள். தண்டுவட எம்ஆர்ஐக்கென்றே செய்தது. மூளைக்கு எழுதியதைத் தண்டுவடத்துக்கு ஓட்டுவது அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிய கதைதான், அதனாலேயே இதற்கு மாறினேன்.

எனக்குத் தேவைப்பட்டது மூழ்காளர்களின் டிஃப்யூஷன் படங்களுக்கு, அதுவும் ஒரு வகை எம்ஆர்ஐதான். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகிவிடும், இதுதான் பெண்ட்ஸ். தண்டுவடத்தில் அது பெரும்பாலும் அடிப்பது மார்புப் பகுதியின் வெண்பொருளை, அதாவது நரம்பிழைகள் ஓடும் பகுதியை. கால் மரத்து, சிறுநீர் போகாமல் ஆள் வந்திருப்பார், வழக்கமான எம்ஆர்ஐ (டி2) படத்திலோ சில நேரம் எந்தக் குறையும் தெரியாது. டிஃப்யூஷன் அளப்பது நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் தடையில்லாமல் நகர்கின்றன என்பதை. அந்த நகர்வு எவ்வளவு தூரம் ஒரே திசையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் எஃப்ஏ, நரம்பிழை சிதைந்தால் அது இறங்கும்.

இந்த மென்பொருளின் பலம் பாம்50 என்ற மாதிரித் தண்டுவடம். 50 பேரின் படங்களைச் சராசரியாக்கியது, வெண்பொருள் தடங்களின் (நரம்பிழைக் கட்டுகளின்) வரைபடமும் கூடவே வருகிறது. நம் படத்தை அதோடு பொருத்திவிட்டால் பின்புறத் தடங்களுக்கு எவ்வளவு, பக்கவாட்டுத் தடங்களுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எஃப்ஏ கிடைக்கும். கையால் வட்டம் போட்டு அளந்தால் ஆளுக்கொரு எண் வரும், அந்தச் சண்டை மிச்சம். அசைவுத் திருத்தமும் ஸ்லைஸ் (குறுக்குவெட்டு) வாரியாக நடக்கிறது, ஏனென்றால் மூச்சு விடும்போது தண்டுவடம் எல்லா உயரத்திலும் ஒரே மாதிரி அசைவதில்லை.

பட்டன், மெனு எதுவும் எதிர்பார்க்காதீர்கள், டெர்மினலில் கட்டளை அடித்துத்தான் வேலை. அது பழகிவிடும்.

சிக்கல் மார்புப் பகுதிதான், அதாவது நமக்கு வேண்டிய இடமேதான். தண்டுவடத்தின் அகலம் சுமார் 1 செ.மீ., சுற்றிலும் திரவம் துடிக்கிறது, பக்கத்து நுரையீரலின் காற்று காந்தப்புலத்தைக் கலைக்கிறது, இதற்கெல்லாம் மேல் ஒரு தடத்துக்குள் விழும் படப்புள்ளிகளே கொஞ்சம். ஓரத்துப் புள்ளியில் திரவம் கலந்தாலே எஃப்ஏ இறங்கிவிடும், பார்ப்பதற்கு காயம் மாதிரியே இருக்கும். இந்தக் கலப்பைக் கணக்கில் எடுக்கும் அளவுமுறைகள் இதில் உண்டு, வெறும் சராசரியை விட்டுவிட்டு அவற்றை எடுங்கள். ஆனால் ஸ்கேனே கோணலாக வந்திருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

குழு ஆய்வுக்கு 5க்கு 4 தருவேன். ஒரு தனி நோயாளிக்குத் தீர்ப்பு சொல்ல இதை எடுக்க வேண்டாம், பெண்ட்ஸுக்கான அழுத்த அறைச் சிகிச்சையை எம்ஆர்ஐக்காகத் தள்ளிப்போடவே கூடாது. அப்புறம், கட்டளையில் கேட்டால் முக்கியப் படிகளுக்கு ஒரு தரச் சோதனைப் பக்கம் உருவாக்கித் தரும், எண்களைத் தொடுமுன் அதைத் திறந்து பாருங்கள்.