விசிட் விசாவில் போய் வேலை கிடைத்துவிட்டால்: துபாயா, சிங்கப்பூரா, ஜெர்மனியா?

விசிட் விசாவில் போய் வேலை தேடலாமா என்று கேட்பவர்கள், எந்த நாட்டில் வேலை அதிகம் என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி வேறு. வேலை கிடைத்த பிறகு, ஊர் திரும்பாமலேயே பெர்மிட் (வேலை செய்வதற்கான அனுமதி) வாங்க அந்த நாடு விடுமா? அதுவரை அந்த ஆள் எதை வைத்துச் சாப்பிடுவார்? ஆஃபர் லெட்டர் வந்த நாளுக்கும் பெர்மிட் வரும் நாளுக்கும் நடுவே உள்ள வாரங்களில்தான் பலருடைய பணம் பறிபோகிறது.

கனடாவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கொரோனா காலச் சலுகையாக, விசிட்டராக வந்தவர் உள்ளே இருந்தபடியே பெர்மிட் கேட்கலாம் என்று 2020 ஆகஸ்டில் அந்த நாடு அனுமதித்தது. 2025 பிப்ரவரி வரை நீடிக்க வேண்டிய அந்தச் சலுகையை 2024 ஆகஸ்ட் 28 அன்றே நிறுத்திவிட்டார்கள். எல்லை வரை போய்த் திரும்பி, அங்கேயே பெர்மிட் வாங்கும் வழியும் அந்த ஆண்டு டிசம்பரில் பெரும்பாலானோருக்கு மூடப்பட்டது. ஆனாலும் 'எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி வாங்க வேண்டிய அரசு ஒப்புதல்) வாங்கித் தருகிறோம்' என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அதற்கான 1,000 கனடிய டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டப்படி குற்றம். வேலை வாய்ப்புக் கடிதத்துக்காக எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற நிரந்தரக் குடியுரிமைத் தேர்வு முறையில் கொடுத்துவந்த கூடுதல் புள்ளிகளும் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டன. பிரிட்டனிலும் விசிட்டர் விசாவை உள்ளேயே வேலை விசாவாக மாற்ற முடியாது.

துபாய் நேர் எதிர். 30 அல்லது 60 நாள் விசிட் விசாவில் போய், தேரா, கராமா போன்ற பகுதிகளில் பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு படுக்கை) எடுத்து, பயோடேட்டாவோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது நம்மவர்களுக்குப் பழகிப்போன பாதை. வேலை கிடைத்தால் நிறுவனமே பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும். கட்டணம் செலுத்தி, நாட்டைவிட்டு வெளியேறாமலேயே ஸ்டேட்டஸை விசிட்டிலிருந்து வேலைக்கு மாற்றலாம். பிறகு மெடிக்கல், கைரேகை, எமிரேட்ஸ் ஐடி என்ற அடையாள அட்டை. இவ்வளவு இலகுவாக விடும் நாடுகள் குறைவு.

ஆனால் ஏமாற்றுக்கு இடம் தருவதும் இந்த இலகுதான். 'பேப்பர் போட்டிருக்கிறோம், நாளையிலிருந்து வந்து வேலை பாருங்கள்' என்பார்கள். பெர்மிட் வருவதற்குள் ஒரு நாள் வேலை பார்த்தாலும் சட்டவிரோதம். விசா தேதி முடிந்துவிட்டால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும். அந்த நிலையில் இருப்பவர், சம்பளத்தைக் குறைத்தாலும் வாய் திறக்க மாட்டார். பெர்மிட் இல்லாமல் ஆளை வைத்திருக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். விசா செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 'முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம்' என்று எந்த நிறுவனமாவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

ஆஃபர் லெட்டரில் ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனி லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுக்கும் தாள் வேறு, தனியார் நிறுவன வேலைகளுக்கு மனிதவள அமைச்சகத்தின் முறைப்படி வரும் ஆஃபர் வேறு. இரண்டாவதில் பரிவர்த்தனை எண் இருக்கும், அடிப்படைச் சம்பளமும் படிகளும் தனித்தனியாக இருக்கும். அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிந்த மொழியிலும் அது வர வேண்டும். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கி, வரி விடாமல் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பலர் கேட்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சிங்கப்பூரில் இந்தக் குழப்பம் குறைவு. நீங்கள் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (நிபுணர், மேலாளர் நிலை வேலைக்கான அனுமதி) நிறுவனம் விண்ணப்பிக்கலாம்; ஐ.பி.ஏ. என்ற முன் அனுமதிக் கடிதம் வந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. தடை இருப்பது வேறு இடத்தில். 2025 ஜனவரி முதல், நிதித் துறை அல்லாத வேலைகளுக்கு மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வயது கூடக் கூட அது 10,700 வரை ஏறும். அதற்கு மேல், விண்ணப்பதாரரையும் நிறுவனத்தையும் எடைபோடும் காம்பஸ் புள்ளி முறையில் 40 எடுக்க வேண்டும். இதில் நம்மவர்கள் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. ஓரளவு பெரிய நிறுவனத்தில், நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் கால் பங்கோ அதற்கு மேலோ உங்கள் நாட்டுக்காரர்களாக இருந்தால், பன்முகத்தன்மைக்கான புள்ளி பூஜ்யம். நண்பர்கள் நிறையப் பேர் இருக்கும் கம்பெனியையே தேடிப் போவது இங்கே பாதகமாக முடியலாம். நிறுவனம் அந்த வேலைக்கான விளம்பரத்தை 14 நாள் வெளியிட வேண்டும், பரிசீலனைக்கு இரண்டு வாரம் போல ஆகும். பெரும்பாலும் 30 நாள்தான் கிடைக்கும் விசிட் பாஸில் இதெல்லாம் அடங்குவது கடினம். நேர்முகத் தேர்வை வீடியோவில் முடித்துவிட்டு ஐ.பி.ஏ.யோடு விமானம் ஏறுவதே புத்திசாலித்தனம். கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைக்கு விசிட்டில் போய் எந்தப் பயனும் இல்லை. ஊரிலிருந்தே அனுமதி வாங்கித்தான் போக வேண்டும்.

ஜெர்மனிக்கு ஷெங்கன் விசாவில் (ஐரோப்பாவுக்கான குறுகிய காலப் பயண விசா) போய் வேலை கிடைத்தாலும் இந்தியர் ஊர் திரும்பித்தான் தேசிய விசா என்ற நீண்ட கால விசா கேட்க வேண்டும். அமெரிக்கர், ஜப்பானியர் போன்ற சிலருக்கே உள்ளிருந்து விண்ணப்பிக்கும் உரிமை. அதற்கு மாற்றாக 2024 ஜூன் 1 முதல் 'சான்ஸன்கார்ட்டே' என்ற வாய்ப்பு அட்டை வந்திருக்கிறது. பட்டமோ அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியோ, ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மன் அல்லது பி2 (இடைநிலைக்கு மேல்) ஆங்கிலம், கூடவே அதற்கான புள்ளி முறையில் ஆறு புள்ளிகள் இருந்தால் ஓராண்டு தங்கி வேலை தேடலாம். தேடும்போதே வாரம் 20 மணி நேரம் சட்டப்படி வேலை பார்க்கலாம். வேலை அமைந்ததும் அங்கிருந்தே ப்ளூ கார்டுக்கோ (பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய வேலை அனுமதி) வேறு அனுமதிக்கோ மாறலாம். மாதம் 1,091 யூரோ என்ற 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் ஓராண்டுக்கு 13,000 யூரோவுக்கு மேல் காட்ட வேண்டும் என்பதுதான் பெரிய சுமை. நகையை அடகு வைத்து இந்தப் பணத்தைக் காட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டமும் சேமிப்பும் இருப்பவருக்கு என் தேர்வு ஜெர்மனி. வேலை தேடுவதற்கென்றே தரப்பட்ட அனுமதியில் இருப்பவரை யாரும் மிரட்ட முடியாது. விற்பனை, கணக்கு, ஹோட்டல் போன்ற துறைகளில் அனுபவமும், இரண்டு மாதச் செலவுக்குப் பணமும், திரும்பி வர டிக்கெட்டும் வைத்திருப்பவர் துபாய்க்குப் போகலாம்.

பத்தாம் வகுப்பு தேறாமல் இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை என்ற வகை) பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த விசிட் விசா வழியில் போகவே வேண்டாம். வேலைக்காக வளைகுடா போக அவர்களுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம். அதைச் சுற்றிக்கொண்டு விசிட்டில் அனுப்பப்படுபவருக்கு, அந்த அனுமதியோடு கிடைக்கும் 10 லட்ச ரூபாய் காப்பீடு இல்லை; இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஒப்பந்தப் பதிவும் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் யார் என்று அந்தத் தளத்திலேயே பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. ஏஜென்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அங்கே ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.