மைஃபோர்டு எம்.எல்.7: பழைய மோட்டாரா, விஎஃப்டியா?

இங்கிலாந்தில் 1946-ல் வந்த இந்தச் சின்ன லேத்தை வீட்டில் சீர்செய்பவர்களுக்கு மோட்டாரில்தான் குழப்பம். பழைய சிங்கிள் பேஸ் மோட்டார் மலிவு; வயரிங்கும் எளிது. ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் முறுக்குவிசை நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அந்த அதிர்வு சில சமயம் கடைந்த பரப்பில் வரிவரியாகத் தெரியும். வேகம் மாற்ற பெல்ட்டை நகர்த்தியாக வேண்டும்.

என் ஓட்டு த்ரீ பேஸ் மோட்டாருக்கும், வீட்டு மின்சாரத்தை த்ரீ பேஸாக்கி அதன் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி கருவிக்கும்தான், செலவு கூடினாலும். மோட்டாரை 230 வோல்ட் டெல்டாவில் (சுருள்களை முக்கோணமாகச் சேர்க்கும் முறை) இணைக்க முடிந்தால் வீட்டு மின்சாரமே போதும். ஓட்டம் அவ்வளவு சீர். குமிழைத் திருப்பினால் வேகம் மாறும்.

ஒரு எச்சரிக்கை. எம்.எல்.7-ல், கடையும் பொருளைப் பிடித்துச் சுழலும் சக் மரையில்தான் ஏறி நிற்கிறது. விஎஃப்டி சட்டென்று பிரேக் பிடித்தால் சக் கழன்று வந்துவிடலாம். நிற்கும் நேரத்தை நீட்டி வையுங்கள். மிகக் குறைந்த வேகத்தில் மோட்டாரின் விசிறியும் மந்தமாகி மோட்டார் சூடேறும். அங்கே லேத்தின் வேகத்தைப் பல்சக்கரங்களால் குறைக்கும் பேக் கியர்தான் கை கொடுக்கும்.