டான்யூபா, மோசெலா? நிதானமான சைக்கிள் பயணத்துக்கு எது?
ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றோரப் பாதை சுமார் 320 கி.மீ.; நாளுக்கு 45 கி.மீ. வீதம் ஒரு வாரம். ஜெர்மனியில் ட்ரியர் முதல் கோப்லென்ஸ் வரை மோசெல் ஆற்றோரப் பாதை ஏறக்குறைய 200 கி.மீ.; ஐந்து நாள் போதும். இரண்டிலும் மேடு குறைவு.

டான்யூபில் கிழக்கு நோக்கியே ஓட்டுங்கள். மேற்குக் காற்று முதுகைத் தள்ளும், எதிர்த்திசையில் அதுவே முகத்தில் அறையும். ஷ்லோகென் என்னும் ஆற்று வளைவருகே வடகரைப் பாதை அறுந்துவிடும், படகு ஏறியே ஆகவேண்டும். கடைசிப் படகின் நேரத்தைப் பார்க்காதவர்கள்தான் அங்கே மாட்டிக்கொள்வார்கள். மெல்க் முதல் கிரெம்ஸ் வரையான வாகாவ் பள்ளத்தாக்கு வெறும் 35 கி.மீ.; இரண்டு நாளாகப் பிரியுங்கள், அவசரப்பட்டால் பாவம்!

மோசெல் வளைந்து நெளிவதால் காற்றுக் கணக்கு செல்லாது. களைத்தால் ரயில் உண்டு, ஆனால் புல்லே முதல் கோப்லென்ஸ் வரைதான் அது ஆற்றை ஒட்டி ஓடும். பெர்ன்காஸ்டல்-கூஸ் ஊர்ப் பக்கம் ரயில் கிடையாது. திராட்சை அறுவடைக் காலமான செப்டம்பர், அக்டோபரில் அறையை முன்பதிவு செய்யுங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு மோசெல்தான் சரி.